சகாயராஜ் சாலையின் கடைசி அறுநூறு மீட்டர்

போன மாதம் திண்டிவனம் கருவூலத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, வந்ததே வந்தோம் என்று பழைய நெடுஞ்சாலைத் துறை ஆபீசுக்குள் தலையை நீட்டினேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பொறியாளர் செல்போனை மேஜை மேல் வைத்து, தான் அன்று காலை பைக்கில் போய் அளந்த ரோட்டைக் காட்டினார். நீலக் கோடாக நெளிந்து ஓடியது. பதினொரு கிலோமீட்டராம், அரை மணி நேரமாம். எனக்கு அது ரெண்டு நாள் வேலை. மூன்று பேர், ஒரு டேப், ஒரு குடை, ஒரு கூஜா தண்ணீர்.

"அப்போல்லாம் டேப்பு புடிச்சிதான் அளப்பீங்களாமே சார். மிஸ்டேக் எதுவும் வராதா?" என்று கேட்டார்.

"என் டேப்புல ஒரு அடி பிசகினது கெடையாதும்மா" என்றேன். சொல்லும்போது மீசையைக்கூடத் தடவிக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

அந்தப் பெண் நம்பிவிட்டார். "உங்க அனுபவத்தையெல்லாம் எழுதிக் குடுங்க சார், நாங்க படிக்கிறோம்" என்றார். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வருவதற்குள் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அதனால் எழுதுகிறேன். அம்மா, உங்கள் கேள்விக்குச் சரியான பதில் இதுதான்: அடி பிசகியதில்லை. அறுநூறு மீட்டர் பிசகியது.

முப்பத்து நான்கு வருஷம் ரோடு இன்ஸ்பெக்டராக இருந்தேன். கண்டமங்கலத்தில் ஒரு வருஷம் குழி அடைக்கக் கற்றுக்கொண்டேன். மேல்மலையனூர் பக்கம் மூன்று வருஷம், அமாவாசைக்கு அமாவாசை ஜனம் நடக்க ரோட்டோரம் மண் நிரவினேன். அப்புறம் திண்டிவனத்துக்கு வந்தவன் அங்கேயே வேரோடிவிட்டேன். ஆபீசில் எனக்கு 'டேப்பு' என்று பட்டப்பெயர். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். என் வீட்டம்மாவுக்கு மட்டும் வேறு அபிப்பிராயம். "டேப்பு மாதிரிதான், இழுத்தா நீளுவாரு, வுட்டா சுருண்டுக்குவாரு" என்பாள்.

ரிட்டையர் ஆக ஒரு வருஷம் இருக்கும்போது, கூட்டேரிப்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில், லான்ஸ் நாயக் சகாயராஜ் என்ற பையன் எல்லையில் குண்டடி பட்டு இறந்துபோனான் என்று தகவல் வந்தது. இருபத்தெட்டு வயசு. ஊர்ப் பெயரை எழுதவில்லை. எனக்கு இன்னும் அந்தப் பக்கம் டீ குடிக்க வேண்டியிருக்கிறது.

உடல் மறுநாள் மதியம் வருகிறது, பெரிய அதிகாரிகள் வருகிறார்கள், ரோட்டைச் சரி பண்ணு என்று உத்தரவு. நெடுஞ்சாலையில் இருந்து அந்த ஊருக்குப் பிரிகிற சாலை என் பொறுப்பில்தான் இருந்தது. அங்கே தொடங்கி ஊர் மாரியம்மன் கோயில் வரை மூன்று கிலோமீட்டர் நானூறு மீட்டர். எங்கள் பாஷையில் 0/0 முதல் 3/4 வரை. விடியற்காலை ஆள் திரட்டி, ஒரு குழி விடாமல் அடைத்து, மண் தூவி, தண்ணீர் தெளித்து முடித்தோம். கோயிலுக்கு முன்னால் 3/4 கல். அதோடு என் வேலை முடிந்தது. அதற்கு அப்பால் மண் பாதை. முந்தின நாள் பெய்த மழையில் சேறாகக் கிடந்தது. அது எங்கள் ரோடு இல்லை.

பூ அலங்காரத்தோடு ராணுவ வண்டி வந்தது. கோயில் வரைக்கும் ஒரு குலுக்கல் இல்லை. நான் கல்லுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்று வண்டியின் டயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன புத்தி பாருங்கள். ஊரே அழுகிறது, எனக்கு, "பெட்டி ஆடாம வந்துச்சி பாத்தியா" என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. வண்டி அங்கேயே நின்றது. சேற்றில் இறக்கினால் மாட்டிக்கொள்ளும் என்று டிரைவர் சொல்லிவிட்டார். வீரர்கள் பெட்டியைத் தோளில் எடுத்துக்கொண்டு அவன் வீடு இருந்த காலனிக்கு நடந்தார்கள். ஜனமெல்லாம் பின்னால் போனது. எனக்கு அதிகாரிகளின் கார்களைத் திருப்பி நிறுத்தும் வேலை இருந்தது. நான் கல்லைத் தாண்டவில்லை.

சில மாதம் கழித்து, அந்தச் சாலைக்குச் சகாயராஜ் பெயரை வைக்க வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டு அனுப்பினார்கள். ஒரு ரோட்டுக்குப் பெயர் வைப்பது பிள்ளைக்குப் பெயர் வைப்பது மாதிரி இல்லை. தீர்மான நகல் வேண்டும், குடும்பத்தின் சம்மதக் கடிதம் வேண்டும், ராணுவத்தின் சான்று வேண்டும், அதே பெயரில் பக்கத்தில் வேறு சாலை இல்லை என்று ஒரு தாள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, சாலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று இலாகா சான்று தர வேண்டும். அந்தச் சான்றை எழுதியவன் நான். பதிவேட்டைப் பார்த்து 0/0 முதல் 3/4 வரை என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கையெழுத்திட்டேன். அதே அளவோடு அரசாணை வந்தது. பலகையும் தயாராகி வந்தது, ரெண்டு. ஒன்று தொடக்கத்தில், ஒன்று முடிவில்.

முடிவுப் பலகைக்குக் கோயிலருகே குழி தோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா வந்து நின்றார். மல்லாட்டைக் கொல்லையிலிருந்து, அதாவது நிலக்கடலைக் காட்டிலிருந்து, நேராக வந்திருக்கிறார், முந்தானையில் மண். அவர்தான் பிலோமினா, பையனுடைய அம்மா. கொஞ்ச நேரம் குழியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை ஏன் அவ்வளவு நேரம் என் மேல் இருந்தது என்று அப்போது விளங்கவில்லை.

"எம்புள்ள பேரு இங்கியே நின்னுடுதா சார்?"

"ரோடு இங்கதாம்மா முடியுது."

"ஊடு அங்க இருக்குதே. அவன் பொறந்தது, படுத்திருக்கிறது எல்லாம் அங்கதானே."

"அது வேற பாதைம்மா. எங்க பதிவேட்டுல 3/4-ஓட முடியுது."

"யாரு சார் அப்டி எய்தினது?"

"அது... ஆதியிலேர்ந்து அப்படித்தான்" என்றேன்.

"பேரு வெக்கிறதுன்னா ஊடு வரைக்கும் வெய்யிங்க. இல்லன்னா பலகைய எடுத்துக்கினு போயிடுங்க. ஊரோட நின்னுடுற பேரு எனக்கு வாணாம்" என்றார். கத்தவில்லை. சொல்லிவிட்டுத் திரும்பவும் கொல்லைக்கே போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அரசாணையைப் போய் வேண்டாம் என்கிறதே இந்த அம்மா என்று. ஆபீசுக்கு வந்து மேடத்திடம் புகார் மாதிரியே சொன்னேன்.

மேடம் என்றால் எங்கள் உதவிக் கோட்டப் பொறியாளர். அவரிடம் ஆறு வருஷம் வேலை பார்த்தேன், ஒரு தடவைகூடக் குரல் உயர்த்திக் கேட்டதில்லை. கோப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படிப்பார். படிக்கும்போது பச்சை மை பேனாவின் மூடியைக் கழற்றி இடது கையில் வைத்துக்கொள்வார். மூடி திரும்பப் பேனாவுக்குப் போனால் தப்பித்தோம். மேஜைக்குப் போனால் உட்காரவும் முடியாது, போகவும் முடியாது. "இன்ஸ்பெக்டர் சார்" என்று மரியாதையாகக் கூப்பிட்டார் என்றால் ஏதோ தப்பைப் பிடித்துவிட்டார் என்று அர்த்தம்.

"இன்ஸ்பெக்டர் சார், கோயிலுக்கு அப்புறம் காலனி வரைக்கும் எவ்ளோ இருக்கும்?"

"அறுநூறு மீட்டர் இருக்கும் மேடம்."

"அது யாரு ரோடு?"

"யூனியன் ரோடா இருக்கும் மேடம்."

"இருக்கும்னா?"

மூடி மேஜைக்குப் போனது. அங்கேயே நின்று ஊராட்சி ஒன்றிய ஆபீசுக்குப் போன் போட்டேன். அவர்கள் அரை மணி கழித்துக் கூப்பிட்டு, "அந்த ரோடு மொத்தமா நாலு கிலோமீட்டர் சார். காலனி வரைக்கும். முழுசா உங்ககிட்ட ஒப்படைச்சி முப்பது வருஷம் ஆவப்போவுது. எங்ககிட்ட இப்ப ஒரு அடிகூட இல்ல" என்றார்கள்.

அவர்கள் நாலு கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் மூன்று நானூறு வாங்கியிருக்கிறோம். நடுவில் அறுநூறு மீட்டர் யாருக்கும் சொந்தமில்லாமல், ஒரு கூடை ஜல்லி காணாமல், அத்தனை வருஷம் சேற்றில் கிடந்திருக்கிறது.

"ஒப்படைச்சப்போ நம்ம பக்கம் அளந்த பீல்டு புக் இருக்கும். எடுத்துட்டு வாங்க" என்றார் மேடம்.

ரெக்கார்டு ரூமில் கரப்பான் பூச்சியோடு சண்டை போட்டு அந்தப் புத்தகத்தை எடுத்தேன். பக்கத்தைத் திருப்பியதும் கையெழுத்து தெரிந்தது. குண்டு குண்டாக, அழகாக, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு. என்னுடையது.

ஆதியிலிருந்து அப்படித்தான் என்று சொன்னேனே, அந்த ஆதி நான்தான்.

அளந்த அன்று நடந்ததெல்லாம் அங்கேயே ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கல்யாணம் ஆகாத வயசு. நெடுஞ்சாலையில் டேப் பிடித்துக் கிளம்பி, கோயிலுக்கு வந்து சேரும்போது மணி ஒன்று. அப்போதைய ஊர்த் தலைவர் வீடு கோயிலுக்கு எதிரில். "வெயில் கொளுத்துது, சாப்ட்டு அப்பால அளக்கலாம் வாங்க" என்றார். கேப்பைக் களி, நாட்டுக்கோழிக் குழம்பு. சர்வீசில் என் வயிறு எனக்கு எப்போதுமே சீனியர், அது சொன்னால் நான் கேட்பேன். ரெண்டு உருண்டை ஆனது, மூணாவதும் ஆனது. வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டில் போட்டிருந்தார்கள். கண்ணைத் திறந்தால் மணி நாலு. நாலரைக்கு பஸ். அதை விட்டால் கூட்டேரிப்பட்டுக்கு நடைதான்.

"கோயிலுக்கு அப்பால இன்னா இருக்குது?" என்று தலைவரைக் கேட்டேன்.

"அப்பால ஒண்ணும் இல்ல சார், காலனிதான்" என்றார்.

நானும் ஒன்றும் இல்லை என்றே எடுத்துக்கொண்டேன். 'மாரியம்மன் கோயில், 3/4, முடிவு' என்று எழுதி பஸ் ஏறினேன். ஏப்பம் விட்டுக்கொண்டே போயிருப்பேன். அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் அதற்குப் பிறகு வந்த தார் எல்லாம் கோயிலோடு நின்றது. ராணுவ வண்டியும் அங்கேயேதான் நின்றது.

புத்தகத்தை மேடத்திடம் கொண்டுபோய் வைக்க எனக்கு ஒரு முழு நாள் ஆனது. பயம். எங்கள் சர்வீசில் ஒரு பழக்கம் உண்டு. ரிட்டையர் ஆகிற சமயத்தில் ஏதாவது குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தால், மாலை போட்டு அனுப்ப வேண்டிய அன்று சஸ்பென்ஷன் உத்தரவைக் கையில் கொடுப்பார்கள். ஓய்வு பெற அனுமதியில்லை என்று ஒரு வரி. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு பக்கத்தைக் கரப்பான் தின்றுவிட்டது என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன். கரப்பானும் ரெடியாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த அம்மா "யாரு சார் அப்டி எய்தினது" என்று கேட்ட குரல் விடவில்லை. உட்கார்ந்து விளக்கம் எழுதினேன். முதல் தாளில் பழியை வெயில் மேல் போட்டேன், கிழித்தேன். ரெண்டாவதில் டேப் பழுது என்று எழுதினேன், என் பட்டப்பெயருக்கே அவமானமாக இருந்தது, கிழித்தேன். மூணாவதில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். பீல்டு புக்கோடு சேர்த்து மேடத்தின் மேஜையில் வைத்தேன்.

மேடம் வழக்கம்போல் அடியிலிருந்து மேலே படித்தார். பாதியில் நிமிர்ந்தார்.

"கோழிக் குழம்பெல்லாம் எதுக்கு எழுதியிருக்கீங்க?"

"உண்மைங்க மேடம்."

"எத்தன களி உருண்டைன்னு கவர்மெண்டு கேட்டுச்சா?"

அவர் முகத்தில் சிரிப்பு வந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். தாளை ரெண்டாக மடித்தார்.

"ரிட்டையர்மெண்டு எப்போ?"

"ஏழு மாசம் இருக்குதுங்க மேடம்."

"ஆபீஸ்ல கேக்காத கேள்விக்குப் பதில் எழுதக்கூடாது. அறுநூறு மீட்டர் விட்டுப்போச்சு, அதுதான் விஷயம். இந்தத் தாள் என் டிராயர்ல இருக்கட்டும். ரோடு சம்பந்தப்பட்ட தாள் இன்னைக்கே விழுப்புரம் போகட்டும். நீங்களே எடுத்துட்டுப் போங்க. கையெழுத்து வாங்காம திரும்பி வராதீங்க."

விழுப்புரம் போகிற தாளில் பச்சை மையில் இப்படி இருந்தது: 'கள ஆய்வின்போது சாலை ஆய்வாளரால் கண்டறியப்பட்டது.' பொய் ஒரு எழுத்துகூட இல்லை. நான்தானே கண்டறிந்தேன்.

விழுப்புரம் பெரிய ஆபீசுக்கு ஒன்பது நடை நடந்தேன். நீள அளவை மாற்றினால் பதிவேடு மாற வேண்டும், பதிவேடு மாறினால் அரசாணை திருத்தம் வேண்டும் என்று மேஜை மேஜையாக விரட்டினார்கள். ஒரு குமாஸ்தா என்னைக் கண்டதுமே, "வந்துட்டாரு பேஜாரு" என்றார். போகட்டும். முப்பத்து நான்கு வருஷத்தில் நான் ஒரு பேப்பருக்காக இப்படிப் பெஞ்சில் தவம் கிடந்தது அப்போதுதான். 0/0 முதல் 4/0 வரை என்று திருத்தம் வந்தது. ஜல்லி வந்தது, ரோலர் வந்தது. அறுநூறு மீட்டரும் கெட்டியான ரோடாகி, தார் போட்டு, முடிவுப் பலகை அந்த அம்மாவின் தெரு முனையில் நின்றது.

திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். அங்கேதான் எனக்கு நல்ல மரியாதை கிடைத்தது. மைக்கில் பேசியவர், "விடுபட்டுப் போன தூரத்தைக் கண்டுபிடித்துச் சொன்ன நேர்மையான அதிகாரி" என்று என் பெயரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார். கை தட்டினார்கள். மேடம் முன்வரிசையில் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சால்வை போட்டது யார் தெரியுமா? பிலோமினாம்மா. நான் குனிந்தேன். அவர் போர்த்தினார். அந்த வெயிலில் அந்தச் சால்வை தந்த புழுக்கத்தை என் எதிரிக்கும் நான் வேண்டமாட்டேன்.

கூட்டம் கலைந்தபோது அவர் என்னிடம் வந்தார். "கோயில்லேர்ந்து ஊடு வரைக்கும் எங்கூட ஒருக்கா நடந்து வர்றீங்களா சார்?" என்றார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஏது வாய். ரெண்டு பேரும் 3/4 கல்லிலிருந்து நடந்தோம்.

"இங்கதான் பொட்டிய மொதல் தபா தோள் மாத்துனாங்க" என்று ஒரு புங்கமரத்தைக் காட்டினார். கொஞ்ச தூரம் போய், "இங்க ரெண்டாவது தபா." நான் தலையாட்டிக்கொண்டே நடந்தேன். என் ரோட்டின் அளவு எனக்குத் தெரியும். அவருடைய அளவு எனக்குத் தெரியவில்லை.

பாதித் தூரத்தில் நின்றார்.

"உங்கள எனக்கு முன்னியே தெரியும் சார். அப்ப இவன் என் வவுத்துல நாலு மாசம். தலைவரு ஊட்டுக் களத்துல மல்லாட்டை ஆய்ஞ்சிக்கினு இருந்தேன். டேப்பு புடிச்சிக்கினு வந்தீங்க. ரோடு வருதுன்னு ஓடிப்போய் எங்க ஜனங்ககிட்ட சொன்னதே நான்தான். எல்லாரும் ஜல்தி ஜல்தியா வேலிமுள்ள வெட்டி, கல்லப் பொறுக்கிப் போட்டு, வழிய சுத்தம் பண்ணி வெச்சிட்டு உக்காந்துக்கினு இருந்தோம். பொழுது சாயற வரைக்கும் உக்காந்துக்கினு இருந்தோம்."

நான் களி தின்று கட்டிலில் குறட்டை விட்ட அந்த மூன்று மணி நேரம் அங்கே ஒரு தெருவே எனக்காக முள் வெட்டியிருக்கிறது. குழி தோண்டிய அன்று அந்த அம்மா என்னை ஏன் அப்படிப் பார்த்தார் என்பதும் புரிந்தது.

அவர் காலடியில் இருந்த புதுத் தாரைக் காட்டினார். "இந்த எடந்தான் சார். சேத்துல ஒருத்தருக்குக் காலு வழுக்கி பொட்டி சாஞ்சிடுச்சி. பாவம், அந்தப் புள்ளைங்க முட்டி போட்டுத் தாங்கிப் புடிச்சாங்க. எம்புள்ள உள்ள உருண்டிருப்பானேன்னு இன்னிக்கும் எனக்கு மனசு ஆறமாட்டேங்குது. ரோடு இருந்திருந்தா வண்டி வாசல் வரைக்கும் வந்திருக்கும் இல்ல சார்?"

"வந்திருக்கும்மா" என்றேன்.

அவர் நகரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தோளில் சால்வை கிடந்தது, அதை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டேன்.

"அன்னிக்கி நான் அளந்திருந்தா வந்திருக்கும்மா. தின்னுட்டுத் தூங்கிட்டேன். தப்பு என்னுதுதாம்மா."

"அத்த உங்க வாயால சொல்லணும்னுதான் சார் இம்மாந்தூரம் இட்டுக்கினு வந்தேன்" என்று சொல்லிவிட்டு, பிலோமினாம்மா வீட்டைப் பார்த்து நடந்தார்.